எழுபத்தேழாம் எண்ணில் ஒரு மீசை

"நீ எழுதி வச்சா அது கேக்குமாம்மா?"

பாய் இப்படித்தான் கேட்டார். கிண்டலாக இல்லை. உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார். நூற்று அறுபத்து நான்கு புகைப்படங்களுக்கும் கம்ப்யூட்டரே பெயர் மாற்றிவிடும், நாம் கையால் எதுவும் செய்ய வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அவருடைய பதில் அது.

மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, உரக்கடையின் மாடியில் இருந்தது அவருடைய சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், புகைப்படம் எடுக்க ஒரு நீலத் திரை. பாய் கோட்டக்குப்பத்துக்காரர். பல வருடம் வளைகுடாவில் ஒரு ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவிவிட்டு, ஒரு டிஜிட்டல் கேமராவோடு ஊர் திரும்பியவர். கேமராவைக் கையில் எடுத்தால் அவர் ராஜா. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், மவுஸைப் பிடித்திருக்கும் வரைதான் தைரியம்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அது 2005, உப்புக் காலம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை. எங்கள் வீட்டில் பேனா பிடித்துக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். ஏழாவது படிக்கும்போதே தெருவில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. பன்னிரண்டாவது முடித்ததும் புதுச்சேரிக்குப் போய் ஆறு மாத கம்ப்யூட்டர் படிப்பு படித்தேன். அதில் முதல் மாதம் டாஸ், அதாவது மவுஸ் இல்லாமல் கட்டளையைத் தட்டி வேலை வாங்கும் பழைய முறை. "இது பரீட்சைக்கு வரும், வேலைக்கு வராது" என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் அந்தக் கறுப்புத் திரை பிடித்துப்போனது. படங்கள் நிறைந்த திரையில் எதைத் தொட வேண்டும் என்று யாராவது சொல்லித்தர வேண்டியிருந்தது. கறுப்புத் திரையோ நான் சொல்லும்வரை காத்திருந்தது.

பேட்ச் ஃபைல் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நோட்பேடில் வரிக்கு ஒரு கட்டளையாக எழுதி, பெயரின் வாலில் ஒரு புள்ளி வைத்து பி, ஏ, டி என்று போட்டுச் சேமித்தால் போதும். அதைத் திறந்தால் கம்ப்யூட்டர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகும். அளத்தில் மேஸ்திரி விடியற்காலையில் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போவார். முதலில் வரப்பைப் பார், அப்புறம் தண்ணியைத் திருப்பு, அப்புறம் வாரு. பிறகு அவர் இல்லாமலே அந்த வரிசையில் வேலை நடக்கும். நான் மேஸ்திரி, கம்ப்யூட்டர் என் ஆள். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். சென்டரின் பயோடேட்டாக்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும் தினமும் சாயங்காலம் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுக்க நான் ஒரு பேட்ச் ஃபைல் எழுதி வைத்திருந்தேன். பாய் அதைக் கவனித்ததே இல்லை.

அந்த வருடம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் உப்பளத் தொழிலாளர்களுக்கு முகாம் நடத்தினார்கள். வெள்ளை வெயில் உப்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும் வேலை இது. நாற்பது வயதுக்குள் பலருக்குக் கண்ணில் பூ விழுந்துவிடும். டாக்டர்கள் வந்து பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்ட சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். யாருக்கு ஆபரேஷன், எந்தக் கண்ணில், யாருக்குக் கண்ணாடி என்பதெல்லாம் அந்த எண்ணில்தான் இருந்தது. அடுத்து எல்லோருக்கும் படம் ஒட்டிய அட்டை. ஆபரேஷனுக்கு அழைத்துப்போக பஸ் வரும்போது, அட்டையில் இருக்கும் முகமும் ஆளும் ஒத்துப்போனால்தான் ஏற்றுவார்கள். அந்தப் படங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அவரவர் எண்ணையே பெயராகப் போட்டு, சிடியில் எழுதித் தரும் வேலை எங்களுக்கு வந்தது.

பட்டியலில் எழுபத்தேழு என் அம்மா. எழுபத்தெட்டு, அம்மாவோடு ஜோடி சேர்ந்து உப்புக் கூடை தூக்கும் பெரியம்மா. உறவில் பெரியம்மா இல்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் பூ. முதல் பஸ்ஸில் போக வேண்டியவர்களில் அவரும் ஒருவர். வரப்பிலிருந்து கால் தவறிப் பாத்திக்குள் விழ ஆரம்பித்திருந்தார். இன்னும் ஒரு மாதம் போனால் மேஸ்திரி வேலைக்குச் சேர்க்க மாட்டார் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

படம் எடுக்க நாங்களே அளத்துக்குப் போனோம். உப்புக் கொட்டகைச் சுவரில் நீலத் துணியைக் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, நான் எண்ணைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து உப்பு வாரிவிட்டு வந்த கண்கள். ஃப்ளாஷ் அடித்ததும் சிலருக்கு மூடிக்கொண்டன. "இன்னொரு தடவ, அப்படியே உக்காரும்மா" என்று பாய் மறுபடி எடுப்பார். கூப்பிட்டபோது சிலர் இல்லை. பிறகு வருவார்கள் என்று அடுத்த எண்ணுக்குப் போய்விட்டேன். யார் இல்லை என்று பட்டியலில் ஒரு புள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஞாபகம் இருக்கும் என்ற திமிர்.

சென்டருக்கு வந்து படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் எண்ணினேன். பட்டியலில் நூற்று அறுபத்து நான்கு பேர், படமும் சரியாக நூற்று அறுபத்து நான்கு. விட்டுப்போனவர்களும் எப்போதோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் பாய் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு படத்தையும் ரைட் கிளிக் செய்து, பெயரை அழித்து, எண்ணைத் தட்டினால் இரண்டு பேருக்கும் இரண்டு நாள் வேலை என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

நான் எக்ஸெலில் மூன்று பத்தி போட்டேன். முதல் பத்தியில் 'ரென்', அதாவது பெயரை மாற்று. இரண்டாவதில் கேமரா வைத்த பெயர். மூன்றாவதில் ஆஸ்பத்திரி எண். அதை அப்படியே நோட்பேடில் போட்டுச் சேமித்துவிட்டு, பாயைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என்டரைத் தட்டினேன். கறுப்புத் திரையில் வரிகள் கடகடவென்று மேலே ஓடி நின்றன. அவ்வளவுதான்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு பாய்."

"அல்லாவே! நான் இன்னும் கண்ணாடியே போடலியே!"

முதல் மூன்று படத்தைத் திறந்து காட்டினேன். கடைசி மூன்றையும் திறந்து காட்டினேன். எல்லாம் சரி. பாய் கீழே டீக்கடைக்குக் குரல் கொடுத்து, எனக்கு என்று தனியாகச் சொல்லி ஸ்பெஷல் டீ வரவழைத்தார். அந்த டீயைக் குடித்தபோது இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

மறுநாள் மதியம் அம்மா வந்தாள். வேலை முடிந்து அரிசி வாங்க வந்தவள், முதல் தடவையாக மாடிப்படி ஏறி வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா."

"கால்ல சேறு இருக்குதுடி. தரை பளபளன்னு இருக்குது."

"பரவால்ல, வா. உன் போட்டோவ காட்டுறேன்."

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் அம்மாவை என் நாற்காலியிலேயே உட்காரவைத்து, எழுபத்தேழு என்று தட்டினேன். திரை நிறைய ஒரு ஆண் முகம் வந்தது. அடர்த்தியான மீசை.

அம்மா முகத்தைத் திரையின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "இன்னாடி இது, எனக்கு எப்போ மீசை மொளச்சுது?" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்தெட்டைத் திறந்தேன். பெரியம்மா இல்லை, வேறு யாரோ ஒரு பெண். எழுபத்தொன்பதில் அம்மா. எண்பதில் பெரியம்மா, கண்ணை இறுக மூடிக்கொண்டு. எண்பத்தொன்றிலும் பெரியம்மா, கண்ணைத் திறந்துகொண்டு.

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஃபிலிம் காலத்து ஆளான பாய்க்கு எடுத்த படத்தை அழிக்கும் பழக்கமே கிடையாது. கண் மூடிய படமும் கேமராவிலேயே இருந்திருக்கிறது. ஒவ்வொரு கண் மூடலுக்கும் ஒரு படம் கூடி, அதற்கு அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் ஒரு இடம் தள்ளிப் போயிருக்கிறார்கள். நான் கூப்பிட்டு வராதவர்கள் வரவே இல்லை. ஒவ்வொருவர் வராததற்கும் வரிசை ஒரு இடம் திரும்பி வந்திருக்கிறது. கண் மூடிய படங்களை எண்ணினேன், ஐந்து; அப்படியென்றால் வராதவர்களும் ஐந்து. அதனால்தான் மொத்தம் சரியாக வந்தது. முதலும் கடைசியும் சரியாக இருந்தது. நடுவில் எழுபது எண்பது பேர் அடுத்தவர் முகத்தோடு இருந்தார்கள்.

ஆஸ்பத்திரி ஆள் மறுநாள் காலை பத்து மணிக்கு சிடி வாங்க வருவார். இதை அப்படியே கொடுத்திருந்தால், பஸ் வரும் நாளில் பெரியம்மாவின் எண்ணுக்கு வேறொருத்தி முகம் இருந்திருக்கும். அவரை ஏற்றாமல் விட்டிருப்பார்கள். இல்லையென்றால், நல்ல கண்ணோடு இருக்கும் யாரையாவது அவர் எண்ணில் படுக்கவைத்திருப்பார்கள். எது மோசம் என்று யோசிக்கக்கூட பயமாக இருந்தது. கேமரா கார்டில் அசல் இருக்கிறதா என்று பார்த்தேன். நேற்று ராத்திரியே ஒரு நிக்காஹ்வுக்காக அதைச் சுத்தமாகத் துடைத்திருந்தார் பாய்.

பாய் திரும்பி வர அரை மணி நேரம் இருந்தது. அவருக்குத் தெரியாமல் நானே சரிசெய்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் தெருக்காரர்கள் முகமெல்லாம் எனக்குத் தெரியும். தொண்ணூறு வரை மனதுக்குள் பொருத்திக்கொண்டே போனேன். தொண்ணூற்று நான்கிலும் அதற்கு அடுத்ததிலும் இரண்டு பெண்கள், பக்கத்துக் குப்பத்துக்காரர்கள். எது யார் என்று தெரியவில்லை. ஒன்றை ஊகித்துப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பக்கத்தில் அம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கையை எடுத்துவிட்டேன்.

பாய் வந்ததும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அதாம்மா, ஒவ்வொண்ணா ரைட் கிளிக் பண்ணிருந்தா..."

"பண்ணியிருந்தாலும் இதே தப்புதான் வந்திருக்கும் பாய். எது எதுவா இருந்துச்சுன்னு இப்போ யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நான் செஞ்சது அத்தனையும் வரி வரியா எழுதியே இருக்குது."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. அந்த பேட்ச் ஃபைலை அழிக்கவில்லை. எக்ஸெலைத் திறந்து இரண்டாவது பத்தியையும் மூன்றாவது பத்தியையும் இடம் மாற்றினேன். எந்த எண்ணாக மாற்றச் சொன்னேனோ, அந்த எண்ணிலிருந்து பழைய பெயருக்குத் திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை முதலில் மொத்த ஃபோல்டரையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஐந்து வரியை மட்டும் ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம்தான் முழுவதையும் ஓடவிட்டேன். நூற்று அறுபத்து நான்கும் கேமராவிலிருந்து வந்த நாளின் வரிசைக்குத் திரும்பி வந்து நின்றன.

பாய் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "திரும்பிப் போன்னு சொன்னாலும் கேக்குதே" என்றார்.

வரிசை கிடைத்துவிட்டது. வராத ஐந்து பேர் யார் என்பது மட்டும் எந்த ஃபைலிலும் இல்லை. அம்மா எழுந்து, "அளத்து ஆளுங்கள மூணு மணிக்குக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு அரிசிகூட வாங்காமல் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு மாடிப்படி அதிர்ந்தது. பதினெட்டு பேர். அளத்தில் சேர்ந்து வேலை செய்யும் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒருவர் இருவர், பக்கத்துக் குப்பத்துப் பெண்களும். புடவை மேலே ஆம்பிளைச் சட்டை, தோளில் தலைத்துணி. சென்டர் முழுக்க உப்புத் தண்ணி வாசம். பாய் தன் நாற்காலியையும் கொடுத்துவிட்டு சுவரோரம் நின்றுகொண்டார்.

என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. "தப்பு என்மேலதான். வராதவங்களுக்கு நான் குறி வைக்கல" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவள் நான்.

ஒருத்தி அம்மாவைப் பார்த்துக் கத்தினாள். "ஏய், உன் பொண்ணு உனக்கு ஆம்பள மூஞ்சி வச்சிட்டாளாமே! அப்படியே உட்டுடு. ஆம்பள கூலியாச்சும் குடுப்பான்."

"குடுத்துட்டாலும்! மீசைய செரைக்கவே சரியாப் போயிடும்" என்றாள் அம்மா.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. பிறகு ஒவ்வொரு படமாகத் திறந்தேன். அவர்கள் பேரைச் சொல்லச் சொல்ல நான் பட்டியலில் எண்ணைத் தேடி எழுதினேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சொன்னார்கள். அளத்தில் வெள்ளை வெயிலுக்கு நடுவே தூரத்தில் இருப்பவர் முகம் தெரியாது. தலைத்துணியின் கரையையும் அதை முடிச்சுப் போட்டிருக்கும் விதத்தையும் வைத்துத்தான் யார் என்று கண்டுபிடிப்பார்கள். படத்துக்காகத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டிருந்தாலும், அந்தத் துணிதான் அவர்களுக்கு முகம்.

"இது வடக்குப் பாத்திக்காரி. பச்சைக் கரை."

"இவன் அவ கொழுந்தன். ரெண்டு பேரும் ஒரே துணிய பாதியாக் கிழிச்சுக் கட்டிக்கிறாங்க."

"சீ, வாய மூடு! பாய் நிக்கிறாரு."

வராத ஐந்து பேரும் அன்றைக்கு லாரிக்கு லோடு ஏற்றப் போனவர்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. விரலை மடக்கி ஐந்து பேரையும் சொன்னாள். எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

பெரியம்மா எனக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தார். ஆனால் திரையைப் பார்க்கவே இல்லை. அதன் வெளிச்சம் ஆகாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார். கண் மூடிய படம் வந்தபோது எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"நானா மூடுனேன்? வெளிச்சம் பட்டா அது தானா மூடிக்குது" என்றார். பிறகு மெதுவாக, "என்னால உனக்குக் கெட்ட பேரா பாப்பா?" என்று கேட்டார்.

அவருடைய புடவை முந்தியில் அந்த எண் சீட்டு முடிந்திருந்தது. உப்பு ஊறி, மடிப்பில் கிழிந்து, எழுபத்தெட்டு என்பது பாதி அழிந்திருந்தது. அதை நான் வாங்கி மேஜை மேல் நீவி வைத்தேன். டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

புதிய பேட்ச் ஃபைலை அன்று சாயங்காலமே எழுதினேன். இதில் 'ரென்' இல்லை. 'காப்பி' போட்டேன். அசல் இருந்த இடத்திலேயே இருக்கும், எண் போட்ட பிரதி மட்டும் புது ஃபோல்டருக்குப் போகும். நூற்று ஐம்பத்தொன்பது வரி. மறுநாள் விடிந்ததும் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போய், விட்டுப்போன ஐந்து பேரையும் வேலையிலிருந்து கூப்பிட்டுப் படம் எடுத்து வந்தார். நூற்று அறுபத்து நான்கையும் ஒன்றுவிடாமல் திறந்து பட்டியலோடு சரிபார்த்தேன். எழுபத்தேழில் மீசை இல்லை. பத்து மணிக்கு சிடி தயாராக இருந்தது.

பஸ் வந்த நாளில் நானும் போய் நின்றேன். நர்ஸம்மா ஒவ்வொரு அட்டையையும் வாங்கி, படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து ஏற்றினார். பெரியம்மாவின் முறை வந்தபோது நான் இரண்டடி முன்னால் போய் நின்றேன். நர்ஸம்மா இரண்டு நொடி பார்த்துவிட்டு, "ஏறும்மா, படி உசரம், பாத்து" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்துப் பெரியம்மா கறுப்புக் கண்ணாடியோடு மாடி ஏறி வந்தார். அந்தக் கண் மூடிய படத்தைக் காட்டச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவ்ளோ கெழவி ஆயிட்டேனாடி?"

"இல்ல பெரியம்மா, கண்ண மூடுனதால அப்படித் தெரியுது."

"பொய் சொல்லாத. உங்கம்மாவும்தான் கெழவி ஆயிட்டா. நேத்துதான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மறுநாளிலிருந்து அம்மாவோடு மறுபடி கூடை தூக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு, இன்னும் ஒரு மாதம் ஆகட்டும் என்று திட்டு வாங்கியதாகவும் சொன்னார். மேஸ்திரி அதுவரை அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை.

இது போன வருடம். இந்த வருடம் அதே ஆஸ்பத்திரி, வேறொரு அளத்தில் முகாம் போட்டிருக்கிறது. அங்கே இருநூற்றுப் பத்து பேர். எனக்கு ஒரு முகம்கூடத் தெரியாத ஊர். இருநூற்றுப் பத்து எண்களையும் கை அகலத்துக்குப் பெரிதாக அச்சடித்துவிட்டேன். படம் எடுக்கும்போது அவரவர் எண்ணை நெஞ்சருகே பிடித்துக்கொள்ள வேண்டும். பேட்ச் ஃபைலும் தயார். முதல் வரி கட்டளை இல்லை. கம்ப்யூட்டர் தாண்டிப் போய்விடும், படிக்கிறவருக்கு மட்டும் தெரியும் குறிப்பு. நோட்பேடில் எனக்குத் தமிழ் வராததால் ஆங்கில எழுத்தில் தமிழாகவே எழுதியிருக்கிறேன்: கண் மூடியவர்களை எண்ணு, வராதவர்களைக் குறி.

கல்யாண சீசன் என்பதால் பாய்க்கு வர முடியவில்லை. "நீ போய் எடுத்துக்குவியாம்மா?" என்று கேட்டார். இந்தத் தடவை அவர் குரலில் சந்தேகம் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. கேமரா இப்போது என் பையில் இருக்கிறது. காலை ஐந்தரை வண்டியில் ஏறி உட்கார்ந்துதான் இதன் கடைசி வரிகளை எழுதுகிறேன்.